தாத்தாவின் ஏழு அட்டைகளும் கொல்கத்தாவில் ஐந்து நாளும்

பிப்ரவரி 12, 2024, திங்கள்: காலேஜ் ஸ்ட்ரீட்

எல்.டி.சி. (அலுவலகம் தரும் விடுமுறைப் பயணச் சலுகை) காலாவதியாகப் போகிறது, எங்கேயாவது போய்விட்டு வா என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். காஷ்மீர், அந்தமான் என்று யோசனைகள் வந்தன. நான் கொல்கத்தா என்றதும் "அங்க என்னக்கா இருக்கு?" என்று கேட்டார்கள். ஏழு பட அட்டைகள் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது?

அம்மாவின் அப்பா ஐயராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம். முப்பது வயதுக்கு மேல், வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செராம்பூரில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கப் போனார். ஊருக்கு எழுதிய கடிதங்களுக்குள் அவ்வப்போது ஒரு பழைய பட அட்டையை வைத்து அனுப்புவாராம். நடைபாதைக் கடையில் வாங்கியவை. எல்லாமே பள்ளிக்கூடமும் கல்லூரியும்தான். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. மகள் படிக்க வேண்டும் என்ற ஆசையா, மற்ற படங்களெல்லாம் விலை அதிகமா, தெரியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருப்பார்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாகத் தினமும் தபால் கையில் புரள்கிறது. அதனால் இந்த அட்டைகளில் மற்றவர்கள் பார்க்காததை நான் பார்ப்பேன். ஏழில் நாலு ஜெர்மனியில் அச்சானவை. 'சாக்சனியில் அச்சிட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் உலகப் போருக்கு முன் நல்ல வண்ண அட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகின. கறுப்பு வெள்ளைப் படத்தை இங்கிருந்து அனுப்ப, அந்த ஊரைப் பார்த்தே இராத யாரோ வண்ணம் ஏற்றியிருப்பார். என் அட்டையில் பிரெசிடென்சி கல்லூரி ரோஸ் நிறம், ரோஸ் மில்க் நிறமேதான். இன்னொரு அட்டையின் முதுகில் நடுக்கோடு கிடையாது. பழைய விதிப்படி அந்தப் பக்கம் முகவரிக்கு மட்டும். சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். முதுகை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று இங்கிலாந்தில் 1902இல்தான் விட்டார்கள். அந்த அட்டையில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் தூண்களுக்கு மேலே, வானத்தில், வெயிலைத் திட்டி எழுதியிருக்கிறார்.

சரி, ஊருக்கு வருவோம். ரயில் நாலு மணி நேரம் தாமதம். தம்பி ஸ்டேஷனில் காத்திருந்து காத்திருந்து ஆறு சாயா குடித்துவிட்டானாம். வங்கி வேலை அவனுக்கு. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிறான். தெருமுனையில் மல்லிகைப்பூ, கறிவேப்பிலை, காபிப்பொடி வாசனை, "என்ன மாமி" என்று ஒரு குரல். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கே திரும்பி வந்துவிட்டது போல் இருந்தது. குளித்துச் சாப்பிட்டு, "அக்கா, ரெஸ்ட் எடு" என்ற பேச்சைக் கேட்காமல் காளிகாட்டில் மெட்ரோ ஏறினேன். மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கி நடை. வெயில் இருந்தது, சுடவில்லை. நிழலில் நின்றால் சால்வை கேட்டது.

காலேஜ் ஸ்ட்ரீட்டில் கல்லூரிகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அட்டையில் அகலத் தெரு, டிராம் தண்டவாளம், ஒரே ஒரு குதிரை வண்டி, பின்னால் முழுக் கட்டடமும். இப்போது நடைபாதை முழுக்கப் புத்தகக் கடைகள். தகரமும் பலகையுமாய் அடுக்கிய மரப்பெட்டி போன்ற கடைகள், வேலியோடு ஒட்டி, ஆள் உயரத்துக்கு. நீட் வினாவிடைக்கும் வங்கத் துப்பறியும் நாவலுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளியில்தான் பிரெசிடென்சி தெரிகிறது. 1874இல் திறந்த கட்டடம். ரோஸ் நிறமெல்லாம் இல்லை, வெளிர் மஞ்சள். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ் 1885இல் இங்கே பாடம் நடத்த வந்தபோது, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துச் சம்பளம் போட்டார்கள். அவர் மூன்று வருடம் சம்பளத்தைத் தொடாமலே வேலை பார்த்தார். பிறகு முழுத் தொகையும் பாக்கியோடு வந்தது. அரியர்ஸ் கதை என்பதால் எனக்கு மனப்பாடம்.

வந்த வேலை செனட் ஹவுஸ், பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபம். ஏழில் அழகான அட்டை அதுதான். ஆறு பெரிய தூண்கள், அகலமான படிக்கட்டு, கோயில் மாதிரி முகப்பு. பின்னால் தாத்தாவின் பென்சில்: "பாப்பாவுக்கு. இந்தப் படியில் உட்கார்ந்து பொரி தின்றோம்." கீழே விலை. "நாலணா" என்று எழுதி, அடித்து, "25 ந.பை." 1957 ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. மனிதர் கணக்கில் கெட்டி.

படியைக் காணோம். ஒரு கடைக்காரரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரை. ஐந்து நிமிடத்தில் நாலு பேர் என் அட்டையைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். இந்த ஊரில் வழி கேட்டால் வழி கிடைக்கும், கூடவே ஒரு பட்டிமன்றமும் கிடைக்கும். கடைசியில் ஒரு வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பெங்கே தியேச்சே" என்றார். இடித்துவிட்டார்கள். எப்போது? 1960. எதிரே நின்ற உயரமான கட்டடத்தைக் கையால் காட்டினார். பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டுக் கட்டடம்.

அதாவது, நூறு வயது ஆனதைக் கொண்டாட, வயதான வீட்டை இடித்துப் புது வீடு கட்டியிருக்கிறார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பல்கலைக்கழகமும் 1857இல் பிறந்தவை. ஜனவரி, ஜூலை, செப்டம்பர் என்று வரிசை. சிஷோம் கட்டிய சென்னை செனட் ஹவுஸ் கடற்கரையில் இன்னும் நிற்கிறது. இங்கே மூத்த பிள்ளையின் வீடுதான் போயிருக்கிறது. தாத்தா பொரி தின்ற மூன்றாம் வருடம்.

வேறென்ன செய்ய, ஜால்முரி வாங்கினேன். இருபது ரூபாய். டப்பாவில் பொரி, வெங்காயம், கடலை, பச்சை மிளகாய் போட்டு, ஊறுகாய் எண்ணெய் விட்டுக் குலுக்கி, காகிதக் கூம்பில் கொட்டி, மேலே ஒரு கீற்றுத் தேங்காய் செருகிக் கொடுக்கிறார்கள். கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. நடைபாதை ஓரமாக நின்று தின்றுகொண்டே, படம் எடுத்த ஆள் எங்கே நின்றிருப்பார் என்று அட்டையை உயர்த்திப் பார்த்தேன். இறக்கினால் வலது மூலையில் என் கட்டைவிரல் ரேகை, மஞ்சளாய், தெளிவாய். அறுபத்தேழு வருடம் அம்மா பெட்டியில் பாச்சை உருண்டை போட்டுக் காத்த அட்டை. அதே இடத்தில் நின்றபடி சேலைத் தலைப்பால் ஒற்றினேன். எண்ணெய் இன்னும் பரவியது.

அந்தத் துக்கத்தில் காபி ஹவுஸ் போனேன். 1876இல் ஆல்பர்ட் ஹாலாகத் தொடங்கிய இடம், 1942இல் காபி போர்டு காபிக் கடையாக்கியது. உயரமான கூரை, சுவரில் பெரிய தாகூர், விசிறி வைத்த தலைப்பாகையோடு சர்வர்கள். மேஜை கிடைக்க இருபது நிமிடம். காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பது நல்லது. நம் பக்கத்து மலையில் விளைந்த கொட்டையை இத்தனை தூரம் கொண்டுவந்து கஷாயம் வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்: ஹெதுவா, பௌபஜார்

காலையில் ஒரு கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். அடையாள அட்டை இல்லாமல் விடமாட்டேன் என்றார் காவலாளி. என் துறை அடையாள அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "தபாலைக் கொடுங்கள், நான் உள்ளே சேர்த்துவிடுகிறேன்" என்றார். கோபம் வரவில்லை. அவர் செய்தது சரிதான். தபால்காரியிடம் தபாலைத்தானே கேட்பார்கள்.

ஹெதுவா என்பது ஒரு குளம். அந்தக் காலத்து அட்டைகளில் கார்ன்வாலிஸ் சதுக்கம். அதைச் சுற்றி என்னிடம் இரண்டு அட்டைகள் உண்டு. ஒன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. அலெக்சாண்டர் டஃப் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1830இல் தொடங்கியது. அவருடைய கூட்டத்தார் வழிகாட்டலில் 1837இல் சென்னையில் ஆரம்பித்த பள்ளிதான் பிறகு கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து தாம்பரத்துக்குப் போனது. இங்கே விவேகானந்தர் படித்தார். 1916இல் பிரெசிடென்சியில் ஓட்டன் என்ற ஆசிரியரை மாணவர்கள் அடித்த வழக்கில் வெளியேற்றப்பட்ட சுபாஷ் சந்திர போஸுக்கு, மறு வருடம் இடம் கொடுத்ததும் இந்தக் கல்லூரிதான். டி.சி. வாங்கின பையனைச் சேர்க்க ஒரு தலைமையாசிரியருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நமக்குத் தெரியாதா!

இரண்டாவது பெத்யூன் கல்லூரி. என் அட்டையில் வாசலில் ஒரு மூடுவண்டி நிற்கிறது, நாலு பக்கமும் அடைத்தது. பெத்யூன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1849இல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது இருபத்தொரு பேர் சேர்ந்தார்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவர வண்டி ஓடியது. மகளையும் இதேபோல் அக்கறையாய் வளர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று பொருள்படும் சமஸ்கிருத வாக்கியத்தை வண்டியின் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார் வங்கச் சீர்திருத்தவாதி வித்யாசாகர். தெருவில் நின்று திட்டுகிறவர்கள் வாயை சாஸ்திரத்தாலேயே அடைக்கும் வழி. 1883இல் இங்கிருந்து சந்திரமுகி பாசுவும் காதம்பினியும் பட்டம் வாங்கினார்கள். இந்நாட்டின் முதல் பெண் பட்டதாரிகள். காதம்பினி அப்புறம் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து டாக்டரும் ஆனார். வெள்ளைக்காரர் வானத்தில் எழுதின அந்த அட்டைக் கட்டடம்.

பெத்யூன் அட்டையின் பின்னால் தாத்தா எழுதியது: "பாப்பா இங்கே படிக்கலாம்." அம்மா எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தப்பட்டாள். நிறுத்தியதும் தாத்தாதான்.

பக்கத்துச் சந்தில் நகூர் என்ற சந்தேஷ் கடை. 1844இலிருந்து இருக்கிறது, பள்ளியைவிட ஐந்து வயது மூத்தது. கம்பி வலைக்கு உள்ளே இருந்து மிட்டாய் கொடுக்கிறார்கள், ஜெயில் கேன்டீன் மாதிரி. பிப்ரவரியானாலும் நொலேன் குர் இன்னும் கிடைத்தது. குளிர்காலத்தில் இறக்கும் ஈச்ச மரப் பதநீரைக் காய்ச்சின வெல்லம். கடித்தால் நடுவில் பாகு வழிகிறது. நம் பனங்கருப்பட்டிக்குச் சித்தப்பா மகள் என்று சொல்லலாம். புகை வாசம் கொஞ்சம் கம்மி. நாலு சாப்பிட்டேன். ஐந்தாவதுக்குக் கை நீட்டியபோது கடைக்காரர், "மாஷிமா, ஜோல் காபேன்?" என்றார். தண்ணீர் சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். இவர்கள் தண்ணீரையும் சாயாவையும் சிகரெட்டையும்கூடச் 'சாப்பிடுகிறார்கள்'. அது பரவாயில்லை. மாஷிமா என்றால் பெரியம்மா. நேற்று வரை தீதியாக, அதாவது அக்காவாக, இருந்தேன்.

மதியம் பௌபஜார் 210. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் நிதித்துறை அதிகாரியாக 1907இல் இந்த ஊருக்கு வந்து, டிராமில் போகும்போது ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கிக் கதவைத் தட்டிய இடம். பல வருடம், விடியற்காலையும் ராத்திரியும் இங்கே ஆராய்ச்சி, பகலில் ஆபீஸ். 1917இல்தான் வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு, இந்த முகவரியில். இப்போது கோயங்கா வணிகக் கல்லூரி இருக்கிறது. சங்கம் ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் ஒரு டிராமும் வரவில்லை. எதிரே நகைக்கடைகள். ஒரு பையன், "செயின் பார்க்கிறீர்களா?" என்று நாலு முறை கேட்டான்.

லா மார்ட்டினியரை மதில் சுவருக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. லக்னோவில் செத்துப்போன பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்த உயிலில் 1836இல் தொடங்கிய பள்ளி. அட்டையில் இருப்பதைப் போலவே இருக்கிறது, அதனாலோ என்னவோ மனசில் ஒட்டவில்லை.

இரவு தம்பி வெளியே கூட்டிப்போனான். நாளை சாம்பல் புதன், லெந்து ஆரம்பம். நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி, மீன் கிடையாது. அம்மா தொலைவில் இருந்தாலும் அந்தச் சட்டம் செல்லும். ஆகவே பேட்கி பாதுரி (வாழையிலையில் கடுகு அரைத்துச் சுற்றி வேகவைத்த மீன்), சிங்கி இறால் தேங்காய்ப்பால் கறி என்று இரண்டு பேரும் நாற்பது நாள் கணக்கை ஒரே ராத்திரியில் முடித்தோம். பில் ஆயிரத்து எண்ணூறு சொச்சம். தம்பி கொடுத்தான்.

பிப்ரவரி 14, புதன்: மூன்று பண்டிகை

காலை ஆறு மணிக்கு அம்மா போன். "ஏட்டி, கோயிலுக்குப் போனியா?" சாயங்காலம் ஆராதனைக்குப் போவேன் என்றேன். "அட்டையப் பத்திரமா வச்சிருக்கியா?" இருக்கு என்றேன். கட்டைவிரலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வெளியே போனால் ஊரே மஞ்சள். இன்றைக்கு இங்கே சரஸ்வதி பூஜை. நமக்குப் புரட்டாசியில் வருவது இவர்களுக்கு வசந்த பஞ்சமியில். இந்த வருடம் அது காதலர் தினத்திலேயே விழுந்திருக்கிறது. எனக்கு அதுவே சாம்பல் புதன். சின்னப் பெண்கள் முதல் கல்லூரிப் பெண்கள் வரை மஞ்சள் சேலை. முதன்முதலாகச் சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார்கள். பின்னால் குர்தா போட்ட பையன்கள், தலைக்கு எண்ணெயா ஜெல்லா ஏதோ தடவி. இன்றைக்குப் புத்தகத்தை அம்மன் காலடியில் வைத்துவிடுவதால் யாரும் படிக்கக் கூடாது. பூஜை முடியும்வரை இலந்தைப்பழமும் தின்னக் கூடாதாம். தின்றால் பரீட்சை போச்சு.

எனக்குத் தெரியாத சேதி ஒன்று இருந்தது. வருடம் முழுக்க வெளி ஆளைப் பார்த்து முறைக்கிற வாசல்கள் இன்று திறந்திருக்கும். பெண்கள் பள்ளிக்குள் பையன்கள் போய்ப் பிரசாதம் வாங்கலாம். நேற்று என்னைத் திருப்பி அனுப்பிய அதே வாசலுக்குப் போனேன். அதே காவலாளி. புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "ஏஷுன், ஏஷுன்" என்று கையை உள்ளே காட்டினார். அட்டையை வெளியே எடுக்கக்கூட இல்லை.

உள்ளே தரை முழுக்க மாக்கோலம். நம்முடையதுபோல் புள்ளி வைத்துச் சுற்றுவதில்லை. அரிசி மாவைக் கரைத்து விரலாலேயே கொடியும் பூவும் இழுக்கிறார்கள். பழைய படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் ஒரு தாமரை. அதில் கால் படாமல் ஏறுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாடித் தாழ்வாரத்தில் தூண்களுக்கு நடுவே செம்பருத்தி நிற விரிப்பு, வரிசையாய் உட்கார்ந்து அஞ்சலி சொல்லும் பிள்ளைகள். அட்டையில் இந்தத் தாழ்வாரம் இருக்கிறது. தூண் தூணாய், நிழல் நிழலாய், ஒரு ஆள் கூட இல்லாமல். படமெடுத்தவர் லீவு நாளில் வந்தாரா, எல்லோரையும் ஒதுங்கச் சொன்னாரா? ஏழு அட்டையிலும் சேர்த்து எண்ணினேன்: மொத்தம் ஐந்து பேர், ஒரு மாடு. பள்ளிக்கூடத்தைப் படம் பிடிக்கப் போய்ப் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கிச்சுரி போட்டார்கள். பாசிப்பருப்பை வறுத்துப் போட்ட பொங்கல் என்று வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் இளக்கமாய். கூடவே காய்க்கூட்டு, கத்திரிக்காய் பஜ்ஜி, இலந்தைப்பழத்தில் செய்த இனிப்புத் துவையல். லெந்து விதிக்கு ஒரு பங்கமும் இல்லை. பரிமாறிய பெண், நான் தமிழ் என்றதும், "அங்கே இட்லிதான் பிரசாதமா?" என்று கேட்டாள். சுண்டல் என்று விளக்க ஹிந்தியில் எனக்கு வார்த்தை போதவில்லை. கையால் உருட்டிக் காட்டினேன். "லட்டு!" என்றாள். சரி, லட்டு.

வெயில் ஏறியதும் கல்லூரிச் சதுக்கக் குளக்கரையில் உட்கார்ந்தேன். அங்கே டேவிட் ஹேரின் கல்லறை இருக்கிறது. ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரர். 1817இல் இந்து கல்லூரி வரக் காரணமானவர்களில் ஒருவர். அந்தக் கல்லூரிதான் பின்னால் பிரெசிடென்சி. 1842இல் காலராவில் இறந்தபோது, மதப்பற்று இல்லாத மனிதர் என்று கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பள்ளிக்கூடங்களுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். ஐயர் பேத்தி என்பதால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு யாரோ அதன்மேல் சாமந்தி வைத்திருந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் பாராமவுண்ட், 1918இலிருந்து சர்பத் கடை. இளநீர் சர்பத், வழுக்கையோடு. ரசாயன விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக்கொடுத்த பக்குவம் என்கிறார்கள். பக்கத்து மேஜையில் ஒரு ஜோடி. மஞ்சள் சேலை அழுதுகொண்டிருந்தாள், குர்தா இரண்டு உறிஞ்சுகுழலோடு முழித்துக்கொண்டிருந்தான். எனக்கு அவசரமாக எழுந்து போக வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஆராதனை. நெற்றியில் சாம்பலோடு வெளியே வந்தால், தெருவில் நெற்றியில் குங்குமத்தோடு கூட்டம். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்: செராம்பூர்

ஹவுராவிலிருந்து லோக்கல் ரயில், ஐந்து ரூபாய். பெட்டிக்குள்ளே வந்து விற்றவை: கடலை, சீப்பு, கொய்யா, பல்பொடி, எலி மருந்து, மறுபடி கடலை. சன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாள் தானே எழுந்து, "போஷுன்" என்று எனக்கு இடம் கொடுத்தாள். நன்றி சொல்வதற்குள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள்.

கல்லூரி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. இந்த அட்டையும் அப்படியே பொருந்தியது: வெள்ளைத் தூண்கள், முன்னால் புல், பின்பக்கம் திரும்பினால் ஹூக்ளி. கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூன்று மிஷனரிகள் 1818இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விடாத காலம். அதனால் கேரி 1800இல் டேனிஷ்காரர்களின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து ஒதுங்கினார். நம் தரங்கம்பாடியை வைத்திருந்த அதே டேனிஷ்காரர்கள். 1845இல் இரண்டு ஊரையும் சேர்த்துக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்னே, 1827இல், டென்மார்க் அரசர் இந்தக் கல்லூரிக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தைச் சாசனமாகக் கொடுத்திருந்தார். மதுரை அரசரடியில் இறையியல் படித்து ஐயராகிறவர்கள் இன்றும் வாங்குவது செராம்பூர் பட்டம்தான். எங்கள் சபையில் கல்யாணப் பத்திரிகையில்கூட ஐயர் பெயருக்குப் பின்னால் பி.டி. போடாமல் விடமாட்டார்கள்.

பூஜைக்கு மறுநாள் சோம்பல் எங்கும். வாசலில் இருந்தவரிடம் "தாத்தா... இங்கே... படிப்பு" என்று எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையையும் அடுக்கினேன். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்தார். பிறகு சாயா. பிறகு தானே கூட்டிப்போய் இரும்புப் படிக்கட்டைக் காட்டினார். டென்மார்க் ராஜா கொடுத்ததாம். வார்ப்பிரும்புக் கைப்பிடி ஆயிரம் உள்ளங்கை பட்டு, விளிம்பில் மட்டும் பளபளவென்று இருந்தது. நான் கீழே இருந்து மேலே வரை கையை எடுக்காமல் ஏறினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தாத்தா இந்த அட்டையில் எழுதியது: "மாடியிலிருந்து ஆறு தெரியும். முன்பு இக்கரை டேனிஷ்காரன், அக்கரை இங்கிலீஷ்காரன். அலை ஒன்றுதான். பனிக்காலம், இருமல் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லாதே." ஏழு வயதுப் பிள்ளையிடம் ரகசியம். அம்மா அதை வெகு காலம் பாட்டியிடம் சொல்லவே இல்லையாம்.

அக்கரை பாரக்பூருக்குப் படகில் போனேன். படகில் ஐம்பது பேர், எட்டு சைக்கிள், பெரிய சரஸ்வதி ஒன்று. கரைக்கப் போகிறார்கள். வீணையின் முனை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. "சாரி மாஷிமா" என்று ஒரு பையன் சரஸ்வதிக்காக மன்னிப்புக் கேட்டான். அங்கிருந்து சியால்தா ரயில், நின்றுகொண்டே. கால் வீங்கிவிட்டது. தம்பி வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருந்தான்.

பிப்ரவரி 16, வெள்ளி: விலை

கடைசி நாள். காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய பத்திரிகை, ஸ்டாம்ப், நாணயம் விற்கும் கடை ஒன்று இருப்பதாக அந்த வயதானவர் சொல்லியிருந்தார். தகரப் பெட்டியில் அட்டைகள், நெட்டுக்குத்தாக. விரல் தானாகவே ஓடியது. சார்ட்டிங் செய்த கை. ஹவுரா பாலம், காளிகாட், எருமை, எருமை, ஹைகோர்ட், செனட் ஹவுஸ்.

அதே படம், அதே ஆறு தூண். முதுகு வெள்ளை, யாரும் எழுதாதது, ஒட்டாதது. நானூறு ரூபாய் என்றார். என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். அச்சு நன்றாக இருக்கிறது, உங்களுடையதில் வானம் இன்னும் நீலம் என்றார். பிறகு மூலையைப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார். "தேல்." எண்ணெய். திருப்பினார். பென்சில். இன்னொரு சப்பு.

நூற்றைம்பது தருகிறேன் என்றார். விற்க வரவில்லை என்றேன். இருநூறு. பென்சில்தானே, நல்ல ரப்பரால் துடைத்தால் போய்விடும், சுத்தமாக இருந்தால் முன்னூறுகூடப் போகும் என்று மேஜை இழுப்பறையைத் திறந்து ரப்பரையே எடுத்துவிட்டார். எனக்கு வேர்த்துவிட்டது. அட்டையைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதிர்ந்துபோனார். "அப்படியென்ன எழுதியிருக்கிறது?" பொரி தின்றோம் என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "முரி?" என்றார். ஆமாம், முரி. "எந்தப் பக்கப் படியில்?"

தெரியாது என்றேன். அவருடைய அப்பா அந்த மண்டபத்தில்தான் பரீட்சை எழுதினாராம். கீழ்ப் படியில் காற்று வரும், அங்கேதான் எல்லோரும் உட்காருவார்கள் என்று அப்பா சொல்வாராம். வெள்ளை முதுகு அட்டையை முன்னூற்றுக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எருமை அட்டை ஒன்றை இருபது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன், தம்பி மகனுக்கு.

ரயிலுக்கு நேரம் இருந்தது. ஜி.பி.ஓ., அதாவது தலைமை அஞ்சலகம், போனேன். எங்கள் துறைக்காரிக்கு இது தீர்த்த யாத்திரை. 1868இல் திறந்த வெள்ளைக் குவிமாடம். கட்டியவர் வால்ட்டர் கிரான்வில். இடித்துப்போன செனட் ஹவுஸும் அவர் போட்ட வரைபடம்தான். இங்கே தூண்கள் இருக்கின்றன, படியும் இருக்கிறது. உட்கார்ந்தேன். படம் எதுவும் இல்லாத ஐம்பது பைசா அட்டை ஒன்று வாங்கி, முழங்காலில் வைத்து அம்மாவுக்கு எழுதினேன். பென்சில் இல்லை, பால் பாயின்ட்தான். மூலையில் எண்ணெய் பட்டதை அதில்தான் ஒப்புக்கொண்டேன்.

பிப்ரவரி 24, சனி: பாளையங்கோட்டை

காலைப் பையைப் பிரித்துக் கொட்டியபோது, மின்கட்டணக் கடிதங்களுக்கும் இன்ஷூரன்ஸ் உறைகளுக்கும் நடுவே என் கையெழுத்தே என் மேஜையில் வந்து விழுந்தது. ஊருக்கு நான் முந்தி, அட்டை பிந்தி. கல்கத்தா முத்திரை மங்கலாக இருந்தது. எங்கள் முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, எழுத்தில் படாமல், ஓரமாகக் குத்தினேன். பிறகு அதை எங்கள் தெருவுக்குப் போகும் கட்டில் சேர்த்துவிட்டு அடுத்த பையைப் பிரித்தேன்.